ஆசிரியரே கேட்டாலும் கொடுக்கக் கூடாத கதை

பல்செட் கட்டும் கடையில் அவருக்குப் பெயர் ‘பூட்டு’. வைத்தவர் அவருடைய மச்சான், கடை முதலாளி. நாளெல்லாம் ஊரார் வாய்க்குப் பல் செய்கிற மனிதர், தன் வாயைத் திறக்கவே மாட்டார்.

பூட்டு அப்படி எதைக் காத்து வந்தார் என்று தெரிந்தால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். முன்பு டிவியில் ஒரு விண்வெளிக் கப்பல் தொடர் வந்தது. அதில் வரும் கேப்டனையும் சமையல்காரியையும் வைத்து ரசிகர்கள் தாங்களே கதை எழுதி இணையத்தில் போட்டார்கள். பிறகு கல்யாணம் ஆனது, உத்தியோகம் வந்தது, கூடவே வெட்கமும் வந்தது. ஒவ்வொருவராகக் கதையை எடுத்துவிட்டார்கள். அதற்குள் அறுநூற்றுப் பன்னிரண்டு கதைகளைத் தன் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துக்கொண்டார் பூட்டு.

எழுதியவரே எடுத்துவிட்ட கதைக்கென்று ரசிகர்களுக்குள் ஒரு மரியாதை உண்டு. பொதுவில் போடக் கூடாது. முன்பே படித்தவர் கேட்டால், ஒரு காட்சியைச் சரியாகச் சொன்னால், தனியாக அனுப்பலாம். எழுதியவர் வேண்டாம் என்றிருந்தால் வேண்டாம்தான். தன் கல்யாண நாளை மறந்து வாங்கிக் கட்டிக்கொள்கிற பூட்டு, இதில் மட்டும் இம்மி பிசக மாட்டார்.

‘வெந்நீர்’ என்ற புனைபெயரில் ஒருத்தி எழுதிய கதைதான் அவருக்கு உயிர். கேப்டனும் சமையல்காரியும் விண்வெளிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு சலவைக்கடை வைக்கிறார்கள். ஒரு சட்டைப் பொத்தானுக்காகச் சண்டை போட்டுப் பிரிகிறார்கள். முப்பத்தோராவது அத்தியாயத்தில் கேப்டன் மழையில் நனைந்தபடி வந்து கடைக்கதவைத் தட்டுகிறார். அத்தோடு சரி. மறுநாள் கதையைக் காணோம். ஒரு குறிப்பு மட்டும் கிடந்தது: ‘இதை யாருக்கும் கொடுக்காதீர்கள். நானே வந்து கேட்டாலும் கொடுக்காதீர்கள்.’

சமையல்காரி கதவைத் திறந்தாளா இல்லையா? ஒன்பது வருடமாகப் பூட்டுக்கு இதே தவிப்பு.

ஒரு மதியம் போன் வந்தது.

“அண்ணா, நான்தான் வெந்நீர். என் கதை என்கிட்டயே இல்ல. உங்ககிட்ட இருக்காமே?”

பூட்டு கையிலிருந்த பல்செட்டைக் கீழே வைத்தார். “இருக்கும்மா. ஆனா நீங்கதானே கொடுக்காதீங்கன்னு...”

“இப்ப நான் இன்சூரன்ஸ் ஆபீஸ்ல இருக்கேன். ‘உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது’ன்னு நாளைக்கு நாப்பது கடிதம் எழுதறேன். முன்ன எப்படிச் சிரிச்சேன், எப்படி எழுதினேன்னே மறந்து போச்சு. கொடுத்தீங்கன்னா மீதியையும் எழுதிடுவேன்.”

மீதி! ஆனாலும் பூட்டு பூட்டுதான். பழைய வாசகர்கள் பதினோரு பேர் உள்ள குழுவில் விஷயத்தை வைத்தார். இரண்டு நாள் காரசாரமாக விவாதித்தார்கள். ஒன்பது வருடம் முன்பு வேண்டாம் என்ற வெந்நீர் சீனியர், இப்போது வேண்டும் என்கிறவள் ஜூனியர், சீனியர் பேச்சைத் தட்டக் கூடாது என்று ஏழுக்கு நான்கில் தீர்ப்பானது.

பூட்டு அன்று சாப்பிடவில்லை. மறுநாள் அவளைப் போனில் கூப்பிட்டார்.

“ஃபைலைத்தான் கொடுக்கக் கூடாது. வாயால சொல்லக் கூடாதுன்னு யாரும் சொல்லல. கேட்டுக்குங்க.”

மூன்று மதியம், செய்துகொண்டிருந்த பல்செட்டின் மேல்வரிசையைத் தேய்த்துக்கொண்டே முப்பத்தோரு அத்தியாயத்தையும் சொன்னார். பூட்டா இப்படிப் பேசுகிறார் என்று மச்சான் வாசலிலேயே நின்றுவிட்டார். கடைசியில், கதையில் கேப்டன் கதவைத் தட்டினார். பூட்டு தேய்ப்பதை நிறுத்தினார்.

“சொல்லுங்கம்மா. திறந்தாளா?”

“தெரியலண்ணா. அது தெரியாமத்தான் அன்னிக்குக் கதையையே எடுத்தேன். திரும்பக் கேட்டா தெரியும்னு நெனச்சேன். இப்பவும் தெரியல.”

பூட்டுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒன்பது வருடம்!

“என்னம்மா தெரியல? திறக்காம என்ன? திறந்து, ‘ஈரத்தோட உள்ள வராதே, தரை இப்பத்தான் துடைச்சேன்’னு திட்டுவா. அந்த ஆள் வாசல்லயே நின்னு சட்டையைக் கழட்டிப் பிழிவான். பொத்தான் தெறிச்சு விழும். ரெண்டு பேரும் தரையில மண்டியிட்டு அதைத் தேடுவாங்க. தேடிக்கிட்டே இருப்பாங்க. வேற என்ன!”

சொல்லி முடித்ததும் அவருக்கே கூச்சமாகிவிட்டது. அவள் சிரித்தாள். மூச்சு வாங்க, விடாமல் சிரித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள்.

“எழுதுங்கண்ணா,” என்றாள். “படிக்க நான் இருக்கேன்.”