சாக்கு மூடிய ஸ்டவ்

மனைவி கேரட்டையும் வெள்ளரியையும் நீளநீளமாக நறுக்கி, நடுவில் ஒரு கிண்ணத்தில் தயிரோடு பூண்டும் எள்ளைப் போன்ற உச்செள்ளை வறுத்து அரைத்த கறுப்புப் பொடியும் குழைத்து வைத்தாள். மகள் தொட்டுத் தொட்டுத் தின்றாள்.

"இன்னைக்கு இதுதாங்க டிபன். வேகவெச்சா சத்தெல்லாம் போயிடும்."

அந்தப் பூண்டு வாசனையும் அந்தப் பேச்சும் எனக்குப் புதிதல்ல. என் சின்ன வயதில் அப்பா தேவராஜ மார்க்கெட்டில் காய்கறி மூட்டை தூக்கினார். உடைந்த கேரட், நூல்கோல் என்று வீட்டில் காய்க்குக் குறைவே இல்லை. ஆனால் சில நாள் அம்மா சோறாக்காமல் இதே கறுப்புத் தயிரைக் கிண்ணத்தில் வைத்து, "பச்சையாத் தின்னாத்தான் சத்து கண்ணு" என்பாள். அன்று மட்டும் ஸ்டவ்வைச் சாக்கு போட்டு மூடியிருப்பாள். ஒருநாள் சந்தேகப்பட்டு, சாக்கை விலக்கி ஸ்டவ்வை ஆட்டிப் பார்த்தேன். சீமெண்ணெய் தளும்பும் சத்தமே இல்லை. நிமிர்ந்தால், அம்மா வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாக்கை முன்போலவே போட்டுவிட்டு வந்து, "நல்லாருக்கு, இன்னுங் கொஞ்சம் தொட்டுக்க" என்று தங்கையிடம் சொன்னேன்.

இப்போதும் எழுந்துபோய்ச் சமையலறையில் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தேன். கனமாகத்தான் இருந்தது.

"என்னங்க தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல" என்றேன். அடுப்பை ஒருமுறை பற்றவைத்து அணைத்த பிறகுதான் கேரட்டைக் கையில் எடுத்தேன்.