குங்கிலியத்துக்குள் ஓர் இறக்கை

குரங்கணிக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் அந்த நாளில் நான் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தேன். தோட்டத்துத் துரைக்குப் பூச்சிப் பைத்தியம். பாதை வெட்டிய ஆட்கள் ஒருநாள் மண்ணுக்கடியிலிருந்து எலுமிச்சம்பழ அளவில் ஒரு குங்கிலியக் கட்டியைத் தோண்டிக் கொடுத்தார்கள். மரத்துப் பால் இறுகி, எத்தனையோ ஆயிரம் வருஷம் கிடந்து கல்லாகிப்போனது. உள்ளே ஒரே ஓர் இறக்கை. உடம்பைக் காணோம். துரை பூதக்கண்ணாடியும் கையுமாக இரண்டு நாள் சாப்பாட்டை மறந்தார். இந்த ஜாதிப் பூச்சியை இதுவரை எவனும் எழுதிவைக்கவில்லை என்றார்.

எழுதுவது அவர் பாடு, வரைவது என் பாடு. இறக்கையில் நரம்பு எங்கே பிரிகிறது, எங்கே சேர்கிறது என்பதை வைத்துத்தான் புது ஜாதி என்று சொல்ல முடியுமாம். ஒரு கோடு தப்பினால் எல்லாம் தப்பு. மலையில் ஓயாத மூடுபனி, வெளிச்சம் போதவில்லை. அதனால் கட்டியை மலைக்குக் கீழே போடியில் என் வீட்டுக்குக் கொண்டுவந்து வரைந்தேன். இது என்ன என்று மனைவி கேட்டாள். துரையோட குங்கிலியம் என்று மட்டும் சொன்னேன். பொம்பளைக்கு இதெல்லாம் எதற்கு என்ற திமிர்தான், வேறென்ன.

படம் முக்கால்வாசி முடிந்திருந்தபோது எங்கள் மகள் காய்ச்சலில் போய்விட்டாள். ஐந்து வயது. ஒரே பிள்ளை.

பத்தாம் நாள் மலைக்குப் போனேன். துரை என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, அந்தப் பூச்சிக்கு உன் மகள் பெயரையே வைக்கிறேன், சீமையில் அச்சாகும், அப்புறம் யாராலும் மாற்ற முடியாது, மிச்சப் படத்தை முடித்துக் கட்டியோடு கொண்டு வா என்றார். நான் வாய்விட்டு அழுதேன். ஐந்து வயதில் போன பிள்ளையின் பெயரை எங்கள் இருவரைத் தவிர யார் சொல்லப்போகிறார்கள்? தேங்கிக் கிடந்த தோட்டக் கணக்கை முடித்துவிட்டு, பதினாறாம் நாள் விடிந்ததும் மலையிறங்கினேன். அச்சான தாளைக் காட்டித்தான் மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

வாசலிலேயே வாசம் அடித்தது. தீட்டுக் கழிய வீடு கழுவிப் புகை போட்டிருந்தாள்.

"கடைச் சாம்பிராணி தீந்துபோச்சுங்க. உங்க பெட்டி மேல கெடந்த கட்டியத் தட்டித் தணல்ல போட்டேன். புள்ள படுத்திருந்த எடமெல்லாம் காட்டிட்டேன். எம்புட்டு நல்ல வாசம் பாருங்க."

அந்தப் பதினாறு நாளில் அவள் முகம் கொஞ்சம் தெளிந்து நான் பார்த்தது அப்போதுதான். நல்ல வாசம்தான் என்றேன்.

மறுபடி மலையேறி நடந்ததைச் சொன்னேன். பொருளைக் காட்டாமல் எழுதினால் எவனும் நம்ப மாட்டான் என்றார் துரை. என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறியிருக்கும். எழுதிய தாள்களை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

மகள் போன மாசம் வந்தால் மனைவி ஒவ்வொரு வருஷமும் கேட்கிறாள்: "தொரைகிட்டச் சொல்லி அந்தக் குங்கிலியம் இன்னுங் கொஞ்சம் கொண்டாங்களேன். புள்ளைக்குப் போடணும்."

கேட்டுப் பார்க்கிறேன் என்று நானும் ஒவ்வொரு வருஷமும் சொல்கிறேன்.