நோட்டக்கா எழுதிய சரணங்கள்

நாடகக் கம்பெனியில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நோட்டக்கா என்றால் போதும். பக்கத் திரைக்குப் பின்னால் நோட்டும் கையுமாக நின்று, நடிகர்கள் மறந்த வசனத்தையும் பாட்டடியையும் எடுத்துக்கொடுப்பது அவள் வேலை. பத்தொன்பது வருஷம் நின்றே கழித்ததில் இரண்டு முழங்காலும் போய்விட்டது. இப்போது மகள் வீட்டில், மூன்றாவது மாடியில், படியிறங்க யோசித்துக்கொண்டு கிடக்கிறாள்.

கம்பெனிக்குப் பாட்டு எழுதியவரைக் கவிஞர் என்பார்கள். பல்லவியும் ஒரு சரணமும் தருவார். மீதியைக் கேட்டால் ஆள் அகப்படமாட்டார். ஒத்திகை நிற்கும். ஆர்மோனியக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் நோட்டக்காவே இரண்டு சரணம் எழுதி நீட்டினாள். மெட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. மறுநாள் அதைக் கேட்ட கவிஞர், "பரவாயில்ல, நான் நினைச்சு வச்சதத்தான் எழுதியிருக்கே" என்றார். அதிலிருந்து அதுவும் அவள் தலையில் விழுந்தது. முப்பது பாட்டுக்கு மேல் இருக்கும்.

கம்பெனி கலைந்து, கவிஞரும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் கழித்து, அவருடைய மகன் அவளைத் தேடி வந்தான். மேக்கப் அறையில் அவள் மடியில் தூங்கி வளர்ந்த பிள்ளை. அவனுக்கே தலை நரைத்திருந்தது.

"அத்தை, அப்பா பாட்டெல்லாம் புத்தகமா போடறேன். எங்க தேடியும் வரிகள் கிடைக்கல. யாரக் கேட்டாலும் முதல் நாலு வரிக்கு மேல தெரியல."

கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியை இழுக்கச் சொன்னாள். உள்ளே ஏழு நோட்டுகள். எல்லாம் அவள் கையெழுத்து.

"ஒண்ணு சொல்லணும்ப்பா. இதுல நிறைய பாட்டுல பின்னாடி வர்ற சரணமெல்லாம் என்னோடது."

அவன் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தான். "அப்படியா? எதெதுன்னு சொல்லுங்க அத்தை, முன்னுரையில எழுதிடறேன்" என்று போனில் குறித்துக்கொண்டான்.

"இத்தனை வருஷம் வாயைத் திறக்காம இருந்துட்டு இப்ப எதுக்கும்மா?" என்றாள் மகள், அவன் நோட்டுகளை எடுத்துக்கொண்டு போனபிறகு.

"யாரும் கேக்கலையே."

வெளியீட்டு விழாவுக்கு மகள் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். புத்தகம் கனமாக இருந்தது. முன்னுரையின் கடைசிப் பக்கத்தில், அச்சகத்தாருக்கும் அட்டை வரைந்தவருக்கும் நடுவில், 'பிரதி எடுத்து உதவிய அம்மையாருக்கும்' நன்றி சொல்லியிருந்தது. அவ்வளவுதான்.

மேடையில் ஒரு பெண் பாடினாள். கப்பலுக்குப் போன கணவனுக்காக மனைவி பாடும் பாட்டு. 'வந்து போகும் அலையை நம்பி வாசல் திறந்தேன்' என்ற சரணம் நோட்டக்கா எழுதியது. அவள் புருஷன் கப்பல் வேலைக்கென்று போய் வராமலே நின்றுவிட்ட வருஷம் எழுதியது. அந்தப் பெண் 'அவையை நம்பி' என்று பாடினாள். புத்தகத்திலும் அப்படியே இருந்தது. யாரோ அவள் எழுத்தைச் சரியாகப் படிக்கவில்லை.

அடுத்துப் பேச வந்த பேராசிரியர் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டார். "கடல் பாட்டில் அவை எங்கிருந்து வந்தது? பார்வையாளர்களை நம்பி வாழ்ந்த ஒரு நாடகக்காரனின் மொத்த வேதனையும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது" என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

வாசலில் கவிஞரின் மகனைப் பிடித்தாள். "அது அலைப்பா. அவை இல்ல."

"அப்பா எப்பவும் யாரும் எதிர்பாக்காத வார்த்தையாத்தான் போடுவார், அத்தை."

"அத எழுதினது நான்."

சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தினான். "நீங்க சொன்னத நான் இல்லேன்னு சொல்லல. ஆனா பதிப்பாளர் ஒத்துக்கல. பேரு ரெண்டா இருந்தா விக்காதுன்றாங்க."

"சரி, என் நோட்டைத் திருப்பிக் குடு."

"நூலகத்துக்குக் குடுத்துட்டேனே. அங்க பத்திரமா இருக்கும்."

மறுவாரம் இரண்டு பஸ் மாறி நூலகத்துக்குப் போனாள். தன் நோட்டைப் பார்க்கவே விண்ணப்பம் எழுதவேண்டியிருந்தது. ஒவ்வொரு நோட்டின் மேலும் 'கவிஞரின் கையெழுத்துப் பிரதி' என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். நூலகர் விண்ணப்பத்தையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே கையெழுத்தா இருக்கேம்மா."

"ஆமா."

அவர் நல்ல மனிதர். நாற்காலியை இழுத்துப் போட்டார். "என்னால சீட்டை மாத்த முடியாது. நீங்க ஒரு மனு எழுதிக் குடுங்க, மேல அனுப்பறேன்."

எழுதிக் கொடுத்தாள். நாலு மாசம் கழித்துப் பதில் வந்தது. மகள் பிரித்து உரக்கப் படித்தாள்: கோரிக்கை பரிசீலிக்கப்படும், பாடல்களை எழுதியவர் தாங்களே என்பதற்கு ஆதாரமாக, தங்களிடமுள்ள மூலக் கையெழுத்துப் பிரதிகளை இணைத்து அனுப்பவும்.

மகள் இன்னொரு தடவை படித்தாள். நோட்டக்கா கையை நீட்டி அந்தக் கடிதத்தை வாங்கி நாலாக மடித்தாள்.

"போய் அடுப்பைப் பாரு" என்றாள். "பால் பொங்குது."