கிளை எட்டிய வருஷம்

சிறுவயதில் நான் படு குள்ளம். பள்ளிக்கூடத்தில் படம் எடுக்க வந்தவர் என்னை முன்வரிசையில் நிறுத்திவிட்டு, அப்புறமும் திருப்தியில்லாமல் ஒரு செங்கல்லைத் தேடிக்கொண்டு வந்தார். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, எனக்கு வைத்திருந்த பெயர் குட்டச்சி. அவர் என்னவோ ஆசையாகத்தான் கூப்பிடுவார். ஆனால் அந்தப் பெயர் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகள் முழுக்கப் பரவிவிட்டதில் எனக்கு அவர்மேல் தீராத கோபம்.

எங்கள் தேயிலைத் தோட்டம் ஹல்துமுல்லைக்குக் கீழே, மலையிறங்கி வரும் ஆறு வளையும் இடத்தில் இருந்தது. அந்த வளைவில் பெரிய மருத மரம் ஒன்று நின்றது. அதன் கிளை ஒன்று கரையைத் தாண்டி, ஆறு ஆழமாகத் தேங்கி நிற்கும் மடுவுக்கு மேலே நீண்டிருக்கும். பிள்ளைகள் அதில் ஏறி மடுவில் குதிப்பார்கள். ஆனால் நினைத்த பிள்ளையெல்லாம் குதித்துவிட முடியாது. கரையில் பாதம் பதித்து நின்று கையை உயர்த்தினால் கிளையின் அடிப்பக்கம் கையில் பட வேண்டும். எம்பித் தொட்டால் செல்லாது. இந்தச் சட்டத்தை யார் போட்டார்களோ தெரியாது. அம்மாவும் மாமாவும்கூட அப்படி அளந்து குதித்தவர்கள்தான். அந்த உயரம் வந்த பிள்ளைக்கு நீச்சலும் கொஞ்சம் புத்தியும் வந்திருக்கும் என்று பெரியவர்கள் நம்பினார்கள்.

எனக்கும் கிளைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி இருந்தது. அதைக் குறைக்க நான் படாத பாடு பட்டேன். கிளினிக்கில் கொடுக்கும் சத்துமாவை அம்மா சீனி போட்டு உருண்டை பிடித்துத் தருவாள். தம்பியின் பங்கையும் நானே தின்றேன். கதவு நிலையைப் பிடித்துத் தொங்கினேன். நிலை ஆட்டம் கண்டதுதான் மிச்சம்.

அந்த வருஷம் மாமா தோட்ட வேலையை விட்டுவிட்டு, ஆற்றின் மேல்பக்கம் மாணிக்கக்கல் தோண்டும் இடத்துக்கு வேலைக்குப் போனார். யாரோ ஒரு டவுன் முதலாளி மண் தோண்டும் பெக்கோ மெஷினைக் கொண்டுவந்து கரையையே பிளந்து வைத்திருந்தார். தோண்டிய சரளையைக் கழுவிக் கழுவிக் கல் தேடுவார்கள். கழுவிய சேறு பூராவும் ஆற்றுக்கே திரும்பும். ஆறு பால்தேத்தண்ணீர் நிறத்துக்கு வந்தது. பெரியவர்கள் அங்கே குளிப்பதை விட்டு லயத்துக் குழாய்க்கு மாறிவிட்டார்கள். கிளைக்குக் கீழே தரையில் பதிந்திருந்த துவைக்கிற கல்லைக் காணோம் என்றதும், வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். மழை முடியும்வரை எங்களையும் அந்தப் பக்கம் விடவில்லை.

மழை விட்டு, பள்ளிக்கூட லீவும் வந்ததும் நான் முதல் வேலையாக மரத்தடிக்கு ஓடினேன். பாதம் பதித்து நின்று கையை உயர்த்தினேன். கிளை உள்ளங்கையில் வந்து பட்டது. நம்பாமல் இன்னொரு தடவை உயர்த்தினேன். பட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கூட வந்த தம்பிக்கும் கிட்டத்தட்ட எட்டியது. அதை நான் கவனிக்க விரும்பவில்லை.

மரத்தில் இலை குறைந்திருந்தது என்பது மட்டும் கண்ணில் பட்டது. உச்சிக் கொம்புகள் மொட்டையாக நின்றன. வானம் நன்றாகத் தெரிகிறதே என்று அதற்கும் சந்தோஷப்பட்டேன்.

அம்மா பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் சத்துமாவின் மகிமையை அளந்துகொண்டிருந்தாள். மாமா வேலை விட்டு வந்து, செய்தி கேட்டு, இடுப்பில் கை வைத்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப இனிமே குட்டச்சின்னு கூப்புட ஏலாது போலயே. ஞாயித்துக்கெழம குதி. நானே வந்து பாக்குறேன்."

ஞாயிற்றுக்கிழமை லயத்தில் பாதிப்பேர் கரைக்கு வந்துவிட்டார்கள். நான் எல்லாருக்கும் முன்னால் கிளையைத் தொட்டுக் காட்டினேன். கைதட்டினார்கள். கிளையில் ஏறி, நுனிப்பக்கம் நகர்ந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தேன்.

ஆழமான தண்ணீருக்குள் போவேன் என்று நினைத்த கால்கள் ஏதோ கூழுக்குள் போயின. போய்க்கொண்டே இருந்தன. முட்டி, தொடை, இடுப்பு என்று சேறு என்னை விழுங்கியது. மேலே தண்ணீர் என் வாயளவுக்கு நின்றது. காலை அசைக்க அசைக்க இன்னும் இறங்கினேன். கத்த வாயைத் திறந்தால் சேற்றுத் தண்ணீர் உள்ளே போனது. கரையில் நின்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருக்கிறார்கள். செத்துப்போகப் போகிறேன் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அம்மாதான் முதலில் அலறினாள். மாமா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிளையில் பாய்ந்து, குப்புறப் படுத்து, என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் இழுத்த வேகத்தில் கிளை படீரென்று முறிந்தது. கிளையோடு அவரும் என் பக்கத்தில் விழுந்தார். நல்லகாலம், கிளையின் ஒரு முனை கரையில் தங்கிப் பாலம்போலக் கிடந்தது. அதைப் பிடித்துத்தான் இரண்டுபேரும் கரையேறினோம்.

அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். முதுகில் இரண்டு போடும் போட்டாள். மாமா மட்டும் முறிந்த கிளையையே பார்த்துக்கொண்டு நின்றார். முறிந்த இடத்தில் ஈரமே இல்லை. உள்ளே அடுப்பு விறகு மாதிரி காய்ந்திருந்தது. அவ்வளவு பெரிய மரம், ஆற்றங்கரையில் நின்றுகொண்டு, காய்ந்திருந்தது.

"மம்பட்டியக் கொண்டாங்க" என்றார்.

கிளைக்கு நேர் கீழே, அடிமரத்தை ஒட்டித் தோண்டினார். மண் வர வர, வேர் தட்டாமல் அடிமரமே கீழே போய்க்கொண்டிருந்தது. வெளியே வெளுத்திருந்த பட்டை உள்ளே கறுத்துப் பிசுபிசுவென்று உரிந்தது. செத்த எலி நாற்றம் வந்தது. முட்டளவு ஆழத்தில் மம்பட்டி கல்லில் மோதியது. மாமா கையால் சேற்றை வழித்தார். பெரியம்மா எட்டிப் பார்த்து நெஞ்சில் கை வைத்தாள்.

"ஐயோ, இது நம்ம தொவைக்கிற கல்லுல்ல?"

நாங்கள் நின்றுகொண்டிருந்தது எங்கள் பழைய கரையின் தலைக்கு மேலே, சேற்றின்மேல். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமா ஒரு பிடி சேற்றை விரல்களுக்கு நடுவே பிசைந்தார். முகர்ந்து பார்த்தார்.

"எங்க குழி மண்ணுதான், அக்கா" என்றார். "டீசல் நாத்தங்கூட அப்புடியே இருக்கு."

"வாய மூடு" என்றாள் அம்மா, சுற்றிலும் பார்த்துவிட்டு.

எனக்கு அவர்கள் பேச்சு முக்கியமாகப் படவில்லை. நான் குழிக்குள் இறங்கி அந்தக் கல்லின் மேல் ஏறி நின்றேன். கிளையில் கரைக்கு மேலிருந்த பாதி இன்னும் மரத்திலேயே இருந்தது. கையை உயர்த்தினேன். எட்டவில்லை. விரலை நீட்டினேன். நடுவே அதே ஒரு முழம்.

சேற்றில் மூழ்கியபோது வராத அழுகை அப்போதுதான் வந்தது. "நான் வளரவே இல்லையா மாமா?" என்று கேட்டேன். அவர் குழிக்குள் இறங்கி என்னைத் தூக்கிக்கொண்டார். "வளந்திருக்கம்மா, வளந்திருக்க" என்று சொல்லிக்கொண்டே தேம்பித் தேம்பி அழுதார். பெரிய ஆம்பிளை அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. என் உயரத்துக்காக இவ்வளவு வருத்தப்படுகிறாரே என்று எனக்கே அவர்மேல் பாவமாகிவிட்டது.

வேருக்கு மூச்சு வேண்டும் என்பதும், சேறு மூடினால் நின்ற இடத்திலேயே மரம் மூச்சுமுட்டிச் சாகும் என்பதும் நான் வெகுகாலம் கழித்துத் தெரிந்துகொண்டவை. வளைவுக்குக் கீழே அடுத்த வருஷம் ஒரு மரமும் தளிர்க்கவில்லை. அன்றைக்கு எனக்கு என் உயரத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

மறுநாள் காலையில் அம்மா எப்போதும்போல மாமாவுக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், ஆற்றின் மேல்பக்கமாக நடந்தார். என்மேல் இன்னும் வருத்தம்போல என்று நினைத்து நான் பின்னாலேயே ஓடினேன்.

"அழுவாதீங்க மாமா, அடுத்த வருசம் எப்புடியும் எட்டிருவேன்" என்று கத்தினேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.