பேச்சியம்மன் தோளில் தங்கிய பூ

எங்கள் அய்யா யாருக்கும் "போயிட்டு வா" சொல்ல மாட்டார். போடி ஜீப் ஸ்டாண்டில் காலையில் மலை ஏறுகிற ஆட்கள் ஜீப்பின் பின்னால் தொற்றிக்கொண்டு, "அண்ணே, போயிட்டு வர்றோம்" என்று கத்துவார்கள். அவர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து ஒரு உதறு உதறி, மறுபடி அதே தோளில் போட்டுக்கொள்வார். அவ்வளவுதான் பதில். மூத்த அக்காள் கல்யாணம் முடிந்து புருஷன் வீட்டுக்குக் கிளம்பி வாசலில் நின்றபோதும் துண்டைத்தான் உதறினார். ராசிங்காபுரத்து மாப்பிள்ளை, ரோஷக்காரர். "மாமாவுக்கு எம்மேல என்ன கோவம்?" என்று முகம் சுருங்கிக் கேட்டார். அம்மாதான் ஏதேதோ சொல்லிச் சிரித்துச் சமாளித்து அனுப்பி வைத்தாள்.

கோபமெல்லாம் ஒன்றுமில்லை. அய்யாவுக்கு ஒரே தம்பி, என் சித்தப்பா. நான் சிறுபிள்ளையாக இருந்தபோது பட்டாளத்துக்குப் போனவர். போகலாமா வேண்டாமா என்று ஊர்க் கோவிலில் அம்மனிடம் பூவாக்குக் கேட்டார்கள். எங்கள் சிலமலைப் பக்கத்தில் பெரிய காரியம் எதற்கும் இது உண்டு. சிலையின் இரண்டு தோளிலும் சந்தனத்தை அப்பி தோளுக்கொரு பூவாக ஒட்டி வைத்துவிட்டுக் கும்பிட்டு நிற்பார்கள். வலது தோள் பூ முதலில் விழுந்தால் சம்மதம். இடது என்றால் வேண்டாம். சித்தப்பாவுக்கு, வைத்து முடித்துப் பூசாரி கையை எடுப்பதற்குள் வலது பக்கத்துப் பூ விழுந்ததாம். அதற்கு மேல் என்ன வேண்டும்? அய்யாவே போடி ஸ்டேஷன் வரை கூடப் போய், ரயில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு "தைரியமாப் போயிட்டு வா" என்று சொல்லி அனுப்பினார். வடக்கே எங்கோ பனி சரிந்து சித்தப்பா மேல் விழுந்தது. அவருடைய பெட்டி மட்டும் வந்தது. அதற்குப் பிறகு அய்யா அந்த வார்த்தையை வாயில் எடுக்கவில்லை. அந்தக் கோவிலுக்குள்ளும் கால் வைக்கவில்லை. திருவிழாவுக்கு வரியைக் கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவார்.

இப்படிப்பட்டவருக்கு மகனாகப் பிறந்துவிட்டு, எழுபதுகளின் கடைசியில் பி.காம் முடித்த கையோடு நானும் பட்டாளத்து வாசலில் போய் நின்றேன். பெரிய தேசபக்தியெல்லாம் இல்லை. வேலை கிடைக்காத காலம். சைக்கிளை எடுத்துக்கொண்டு போடிக்குப் போவது, டீக்கடையில் பேப்பர் படிப்பது, திரும்பி வருவது, இதுதான் என் உத்தியோகம். கூடப் படித்த நண்பன் ஒருவன் மதுரையில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னான். துணைக்குத்தான் போனேன். எடை காணாது என்று பயந்து மைதானத்துக்கு வெளியே நின்று வாழைப்பழத்தை ஆளாளுக்கு உள்ளே தள்ளினோம். வயிறு முட்ட முட்ட ஓடினேன். நெஞ்சை விரிக்கச் சொன்னார்கள், விரித்தேன். காகிதப் பரீட்சையும் எழுதினேன். துணைக்குப் போனவனையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். கிளார்க் வேலை. ஆடி மாதம் இன்ன தேதி காலை, பெட்டி படுக்கையோடு மதுரையில் வந்து நிற்க வேண்டும், அங்கிருந்து வடக்கே அனுப்புவோம் என்றார்கள்.

அம்மா அன்றைக்கே அடுப்பை அணைத்துவிட்டு அழுதாள். "ரெண்டு பொட்டப்பிள்ளைக்குப் பெறகு ஒத்தப் பிள்ளை. ஏற்கெனவே ஒரு பெட்டி வந்து மூலையில கெடக்கு. இன்னொண்ணு வைக்க எங்கிட்ட எடமில்ல" என்றாள். ஆடி மாதத்தில் யாராவது புதுக் காரியம் தொடங்குவார்களா, பட்டாளத்துக்காரர்களுக்கு இதுகூடத் தெரியாதா என்றும் சண்டை பிடித்தாள். அவள் மனது எல்லோருக்கும் வெட்டவெளிச்சம். அதில் ஒரு வசதி இருந்தது. அவளோடு மல்லுக்கு நிற்கலாம், கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுக்கலாம்.

அய்யாவிடம் அது நடக்காது. விஷயத்தைச் சொன்னதும் "பாப்போம்" என்றார். மறுவாரம் கேட்டேன். "பாப்போம் அப்பு." மலையில் எங்களுக்கு ஏலத் தோட்டம் கொஞ்சம் இருந்தது, போடிமெட்டுக்குப் போகிற வழியில் இறங்கி நடக்க வேண்டும். அங்கே களை எடுக்கும்போது, செடிக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானுமாகக் குனிந்திருக்கும்போது, முகம் தெரியாத தைரியத்தில் கேட்டேன். "அய்யா, போகவா, வேணாமா?" செடி அசைவது கொஞ்ச நேரம் நின்றது. "ஒன் இஷ்டம்" என்றார். பிறகு மண்வெட்டிச் சத்தம்தான் கேட்டது.

இஷ்டமாம்! எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. எங்கள் வீடுகளில் அப்படி ஒன்றைத் தூக்கி மகன் கையில் யார் கொடுத்தார்கள்? எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கல்லூரி, தலைமுடியை எவ்வளவு வெட்டுவது வரைக்கும் அவர்தான். பெற்றவன் வாய் திறந்து அனுப்பாமல் வாசல் தாண்டினால் அதற்குப் பெயர் வேலைக்குப் போவதல்ல, ஓடிப்போவது. அவர் "போ" என்றிருந்தால் போயிருப்பேன். "போனா காலை ஒடிச்சிருவேன்" என்றிருந்தாலும் நிம்மதியாக உட்கார்ந்திருப்பேன். இரண்டில் எதையும் சொல்லாமல் அவர் தேய்ந்துகொண்டே வந்தார். சோறு இறங்கவில்லை அவருக்கு. பீடி மட்டும் கூடியது. தம்பியைத் தன் வாயாலேயே அனுப்பிக் கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்த மனிதர் அவர். என்னைப் பிடித்து வைத்தாலோ, வேலை வெட்டி இல்லாமல் நான் அழிந்துபோனால் அதற்கும் அவர்தான் காரணம். இது புரிகிற வயதுதான் எனக்கு. புரிந்து என்ன செய்ய?

தேதி நெருங்கி, நாளை காலை மதுரையில் நிற்க வேண்டும் என்கிற நிலைமையில், கருக்கலிலேயே என்னை எழுப்பினார். "பெட்டியை எடு. மலைப் பேச்சிகிட்டக் கேட்டுருவோம்" என்றார்.

எங்கள் ஏலத் தோட்டத்து எல்லையில், பெரிய பலா மரத்தடியில் அந்தப் பேச்சியம்மன் உண்டு. இடுப்பு உயரக் கல் சிலை. காய் எடுக்கத் தொடங்கும் முன் ஆட்கள் அவளுக்குப் பொங்கல் வைப்பார்கள். ஆனால் பூவாக்கு அவளிடம் யாரும் கேட்டதில்லை, அதெல்லாம் கீழ்நாட்டு வழக்கம். அம்மா அதைத்தான் சொன்னாள். "கேக்குறது கேக்குறீக, நம்மூர் கோயில்ல கேட்டா என்ன?" அய்யா செருப்பை மாட்டியபடி, "அவ ஒருக்கா சொன்னது போதும்" என்றார். அம்மா என்னைத் தனியே இழுத்து நெற்றியில் திருநீறு பூசினாள். "எடது பக்கம் விழணும்னு வேண்டியிருக்கேன். ஒங்கிட்ட மறைக்க என்ன இருக்கு? எப்பிடி விழுந்தாலும் ஆளனுப்பி வெரசாச் சொல்லிவிடுங்க" என்றாள். பெட்டிக்குள் முறுக்கும் எள்ளுருண்டையும் வைத்து மூடியதும் அவள்தான்.

போடியில் பெட்டியை ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் வைத்தோம். வலது விழுந்தால் வந்து எடுத்துக்கொண்டு, நண்பனோடு மாலை ரயிலில் ஏறிவிடுவது என்று ஏற்பாடு. கீழே நல்ல வெயில். ஜீப் வளைவுகளில் ஏற ஏற வெயில் கழன்றது. மேலே ஆடிச் சாரல் நின்று பெய்துகொண்டிருந்தது. மூடுபனியில் முன்னால் நடக்கிற அய்யாவின் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

தோட்டத்துக் காவலுக்கு இருந்தவர்தான் பேச்சிக்குப் பூசாரியும். கையைக் கழுவிக்கொண்டு வந்து சந்தனம் குழைத்து, இரண்டு தோளிலும் இரண்டு செவ்வரளியை ஒட்டினார். சூடம் காட்டினார். கும்பிட்டோம். பூ விழவில்லை.

எப்படி விழும்? கீழ்நாட்டில் வெயிலில் சந்தனம் காய்ந்து வெடிக்கும், பூ வதங்கிச் சுருங்கும், இரண்டில் ஒன்று பிடி விட்டுவிடும். இங்கே சிலையே நனைந்து ஊறியிருந்தது. சந்தனம் வெண்ணெய் மாதிரி இருந்தது. பூ இரண்டும் செடியில் இருந்ததைவிடச் செழிப்பாக உட்கார்ந்திருந்தன. பரம்பரையாக ஏலம் பார்த்த மனிதருக்கு மலைச் சாரல் தெரியாதா? தெரியும். அன்றைக்கு மட்டும் தெரியவில்லை.

"கொஞ்சம் ஊதிவிடலாமா?" என்று நான் மெல்லக் கேட்டேன். பூசாரி பதறிப்போனார். "தொடப்படாது, ஊதப்படாது தம்பி. அவளாத் தள்ளணும். ரெண்டாந்தடவ வச்சும் கேக்கப்படாது." நேரம் போனது. அய்யா குடையை விரித்து அம்மன் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். சாரல் படாவிட்டால் காயும் என்று கணக்கு. பூசாரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, மழையும் வெளிய நிக்கிது, காத்தும் வெளியவே நிக்கிது. கொடையப் பிடிச்சா எப்பிடி அசையும்?" என்றார். அய்யா குடையை மடக்கினார். சாரல் அடித்துப் பூ இன்னும் அழுந்திக்கொண்டது. மறுபடி விரித்தார். இப்படியே மடக்குவதும் விரிப்பதுமாக நின்ற அவரைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பும் போய்விட்டது. அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. காலில் அட்டை ஏறி ரத்தம் குடித்துத் தானே உருண்டு விழுந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

சாலையில் கடைசி ஜீப்பின் ஹாரன் கேட்டது. டிரைவர் தெரிந்தவர், எங்களுக்காக நிறுத்தி அடித்தார். நான் அய்யாவைப் பார்த்தேன். அவர் பூவைப் பார்த்தார். "இந்தா விழுந்துரும் அப்பு. செத்த இரு" என்றார். அந்தக் குரலை விட்டுவிட்டு ஓடி ஜீப்பில் ஏற என்னால் முடியவில்லை. ஹாரன் இன்னொரு தடவை அடித்து, பிறகு இறக்கத்தில் இறங்கி, வளைவுக்கு வளைவு சிறுத்துக்கொண்டே போனது. என் நண்பன் ஸ்டேஷன் வாசலில் என்னைத் தேடிவிட்டு, தனியாக ரயிலேறினான். அவன் சர்வீஸை முழுதாக முடித்துத் திரும்பி வந்து இப்போது போடியில் வீடு கட்டிக் குடியிருக்கிறான். கல்யாண வீடுகளில் பார்த்தால், "துணைக்கு வந்தவன் தொலைஞ்சு போயிட்டான்" என்று என்னைக் காட்டி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான். நானும் சிரிப்பேன். எனக்குத் தோட்டம்தான் வாழ்க்கையாயிற்று. நன்றாகப் போன வருஷங்களும் உண்டு, காய் அழுகி எல்லாம் போன வருஷங்களும் உண்டு. பட்டாளத்துக்குப் போயிருக்கலாம் என்று சில நாள் தோன்றும். போகாததே நல்லது என்று மறுநாளே தோன்றும்.

இருட்டு கட்டியதும் பூசாரி எங்களை வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டு போய், காய் உலர்த்துகிற ஸ்டோரில் படுக்கவைத்தார். விடிந்து வெளியே வந்தால் சாரல் வெறித்து, மரத்துக்கு மரம் வெயில் இறங்கியிருந்தது. அய்யா செருப்புகூடப் போடாமல் பலா மரத்துக்கு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

இரண்டு தோளும் வெறுமையாக இருந்தன. சிலையைச் சுற்றித் தரை சுத்தமாகக் கிடந்தது, விளக்குமாற்றுக் கோடு கோடாக. பூசாரி குடத்தில் தண்ணீரோடு வந்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. குடத்தைக் கீழே வைத்தார்.

"தூக்கக் கலக்கத்துல, எப்பவும்போலக் கூட்டித் தள்ளிட்டேன் அண்ணே. ரெண்டும் கீழதான் கெடந்துச்சு. எது முந்தி விழுந்துச்சோ, பேச்சிக்குத்தான் தெரியும்."

அய்யா சரிவில் குப்பை கொட்டிக் கிடந்த இடம் வரைக்கும் போய்ப் பார்த்தார். அங்கே அரளிகள் கிடந்தன, சருகோடு சருகாக. அவற்றைப் பார்த்து என்ன தெரியப்போகிறது? திரும்பி வந்து ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார். மதுரையில் இந்நேரம் பெயர் கூப்பிட்டு முடித்திருப்பார்கள்.

வெகுநேரம் கழித்து என்னை நிமிர்ந்து பார்த்தார். அத்தனை வாரங்களில் அவர் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"நேத்துப் பூரா நின்னியே அப்பு. எந்தப் பக்கம் விழணும்னு நீ கும்பிட்ட?"

நான் யோசித்துப் பார்த்தேன். நாள் முழுக்கக் கையைக் கூப்பிக்கொண்டு நின்றிருக்கிறேன், ஏதாவது ஒன்று விழுந்தால் போதும் என்பதைத் தவிர வேறெதையும் நான் வேண்டியிருக்கவில்லை.

"தெரியல அய்யா. நீங்க?"

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"எனக்கும் அதான் அப்பு."