விண்வெளியிலிருந்து தாழ்வுபாட்டுக்கு வந்தவன்

இந்த நாட்டில் திரைப்படங்களுக்குப் பகடை போடுகிறார்கள். பகிடிக்குச் சொல்லவில்லை. நோர்வேயில் எந்தப் பத்திரிகையைப் புரட்டினாலும் புதுப்பட விமர்சனத்துக்குப் பக்கத்தில் ஒரு பகடையின் படம் இருக்கும். ஒன்று என்றால் படம் குப்பை, ஆறு என்றால் ஓடிப்போய்ப் பார். 'தேர்னிங்காஸ்ட்' என்பார்கள், பகடை வீச்சு. வந்த புதிதில் இதைப் பார்த்துவிட்டு, விமர்சகர்கள் படம் பார்க்கப் பஞ்சிப்பட்டு மேசையில் பகடையை உருட்டி, விழுந்த எண்ணை அப்படியே போட்டுவிடுகிறார்கள் என்று நம்பினேன். மொழி வகுப்பில் ஆசிரியை, "இந்த நாட்டில் உங்களுக்குப் பிடித்தது எது?" என்று கேட்டபோது எழுந்து நின்று, "உங்கள் நேர்மை. படத்தைப் பார்க்காமல் எழுதினோம் என்பதைக்கூடப் படம் போட்டுக் காட்டுகிறீர்கள்" என்றேன். அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு, வினைச்சொல் சரியான இடத்தில் வந்திருக்கிறது என்று பாராட்டினார். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: வெளிநாட்டில் நாங்கள் பெற்ற பாராட்டுகள் பெரும்பாலும் இந்த வகைதான்.

அண்மையில் பேர்கன் நகரத்துப் பேருந்துகளின் முதுகிலெல்லாம் ஒரு விண்வெளி மனிதனின் படம் ஒட்டியிருந்தது. பழைய படமொன்றை, ஒரு சின்ன நாடு வருடம் முழுவதும் சாப்பிடக்கூடிய செலவில், மறுபடியும் எடுத்திருக்கிறார்கள். எங்கள் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் அதைப் பற்றியே பேச்சு. மீன் தொழிற்சாலைதான். மன்னார்க் கரையில் தாழ்வுபாடு என்ற மீன்பிடி ஊரில் பிறந்து, மீன் நாற்றத்துக்குப் பயந்து படித்து, கடைசியில் உலகத்தின் மறுகரைக்கு வந்து மீன் வெட்டுகிறவன் நான். என்னோடு வேலை செய்யும் டோர்பியோன், பழைய படத்தை இளவயதில் பார்த்தவன். புதியதில் விண்கப்பல் அழகு, ஆனால் பழைய கப்பலைப் பார்த்தால்தான் பயம் வரும் என்றான். "முடிவை மாற்றாமல் விட்டார்கள், அதுவே போதும். கயிறு அறுந்தவன் அங்கேயே மிதந்து போகிறான். அவனை வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தால் நான் எழுந்து போயிருப்பேன்."

"அவன் வீட்டுக்கு வந்தான்" என்றேன்.

"வரவில்லை."

"வந்தான். நான் பார்த்தேன்." உடனே நேர்மை வந்துவிட்டது. "பார்க்கவில்லை. கேட்டேன்."

டோர்பியோன் கடித்துக்கொண்டிருந்த பாண் துண்டைக் கீழே வைத்தான். "எந்தப் பதிப்பு? டைரக்டர்ஸ் கட்டா?"

"தாழ்வுபாட்டுப் பதிப்பு."

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. இந்த மனிதர்களிடம் பகிடி விடுவது கல்லில் நெத்தலி காயப்போடுவது போல, ஒட்டிக்கொண்டுவிடும். அடுத்த நாள் வந்து, இணையமெல்லாம் தேடியும் அந்தப் பதிப்பைக் காணவில்லை என்று கவலையோடு சொன்னான். எங்கே கிடைக்கும் என்று கேட்டான். கிடைக்காது, ஒரேயொரு தடவைதான் காட்டினார்கள் என்றேன். "அரிய பிரதி" என்று தலையை ஆட்டினான். அதில் பிழை இல்லை.

ஊரில் யுத்தம் நடந்து மின்சாரம் இல்லாத காலம். என் அண்ணன் சேவியரிடம் மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு ஜெனரேற்றர் இருந்தது. கலியாணத்துக்கும் பெருநாளுக்கும் அதை வாடகைக்குக் கொடுப்பார். பெருநாள் முடிந்த ஒரு மாலையில், மன்னார் ரவுணில் ஒரு கடையிலிருந்து தொலைக்காட்சியும் டெக்கும் ஒரு வீடியோ கொப்பியும் எடுத்து வந்து, கோவில் வளவில் ஊருக்கே படம் காட்டினார். ஆங்கிலப் படம். ஆங்கிலம் தெரிந்தவர் எங்கள் ஒழுங்கையில் அவர் ஒருவர்தான். அதாவது, பரீட்சையில் ஆங்கிலத்தில் சித்தியடையாமல் விட்டவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் அந்தப் பரீட்சைக்கே போகவில்லை. தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ரோச் லைற்றோடு நின்று, ஒவ்வொருவர் வாயசைவுக்கும் தமிழ் சொன்னார். விண்கலத்தின் தலைவன் வள்ளமும் வலையும் வைத்திருக்கிற முதலாளி மாதிரி நடந்ததால் அவனைச் 'சம்மாட்டி' ஆக்கினார். இயந்திர மனிதனுக்கு 'மாஸ்ரர்' என்று பெயர். வெளியில் கப்பலைத் திருத்தப் போனவனின் கயிறு இழுபட்டபோது, சம்மாட்டி முகத்தைச் சுளித்து ஏதோ கத்த, அண்ணன், "வலிச்சுப் பிடியுங்கோடா! உங்கட அப்பன் வீட்டுக் கயிறோ, விட்டுட்டு நிக்கிறியள்!" என்றார். கரைவலை இழுக்கிற ஆட்கள் அரைவாசிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள்.

கயிறு அறுந்தது. அவன் மிதக்கத் தொடங்கினான். "எண்ணெய் முடியப்போகுது போல, பாத்திட்டு வாறன்" என்று அண்ணன் வேலிக்குப் பின்னால் போனார். சற்று நேரத்தில் ஜெனரேற்றர் இருமிவிட்டு நின்றது. படம் ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. சனம் கத்திய கத்தலை இப்போது நினைத்தாலும் காது அடைக்கிறது. அண்ணன் ரோச் லைற்றைத் தன் முகத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டு வந்தார்.

"கத்தாதையுங்கோ. முடிவை நான் சொல்லுறன். கயிறு அறுந்தாப்போல சாவானோ? மிதந்து மிதந்து வந்து, காலமை கரைவலை இழுக்கிற நேரம் எங்கட கரையில விழுந்தான். மணலைத் தட்டிப்போட்டு நேரா வீட்டை போனான். மனிசி முற்றத்தில கருவாடு காயப்போட்டுக்கொண்டு நிண்டவள். திரும்பியும் பாக்காமல் கேட்டாள், 'இவ்வளவு நேரமும் எங்க நிண்டனீங்கள்?' அவன் சொன்னான், 'வழியில கொஞ்சம் சுணங்கிப்போச்சு.'"

சனம் கைதட்டியது. சிலர் மூக்கைச் சிந்தினார்கள். அமெரிக்காவில் கருவாடு காயப்போடுகிறார்களா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, இன்றுவரை அந்தப் படத்தை மறுபடி பார்க்க வேண்டுமென்று தோன்றவுமில்லை. முடிவு தெரிந்த படம்தானே.

அன்று அங்கே இருந்த ரெஜினா என்ற பெண்ணை அண்ணன் பிறகு கலியாணம் செய்தார். அவர்தான் என் மச்சாள். சில வருடங்கள் கழித்து ஒருநாள் காலை, ஜெனரேற்றருக்குப் பிளக் வாங்கவென்று அண்ணன் சைக்கிளில் ரவுணுக்குப் போனார். சைக்கிள் கடை வாசலில் நின்றது. அண்ணன் இல்லை. யார் கூட்டிப்போனார்கள் என்பதைக் கண்டவர்கள் இருந்தார்கள், சொன்னவர்கள் இல்லை. சைக்கிள் பூட்டியிருந்தது, திறப்புச் சாவி அவரிடம். நானும் அப்பாவும் பின்சில்லைத் தூக்கிப் பிடித்தபடி அதைத் தாழ்வுபாடு வரை உருட்டிக்கொண்டு வந்தோம். பூட்டை அறுக்க இரும்பு அறுக்கும் வாளோடு வந்த பக்கத்து வீட்டுக்காரரை மச்சாள் கிட்டவிடவில்லை. "பூட்டினவர் வந்து திறப்பார்" என்றார்.

அது இன்னும் கொட்டிலுக்குள் பூட்டியபடியே நிற்கிறது. நவம்பரில் மரித்த விசுவாசிகளுக்கான பூசையில் வாசிக்கவென்று எல்லாரும் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களைக் கொடுப்பார்கள். மச்சாள் அண்ணனின் பெயரைக் கொடுத்ததில்லை. சொந்தக்காரர் யாராவது மெதுவாக அந்தக் கதையை எடுத்தால், "வழியில சுணங்குது போல" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவார். முதலில் எல்லோருக்கும் அழுகை வந்தது, பிறகு எரிச்சல் வந்தது, பிறகு அதுவும் பழகிவிட்டது. எனக்குப் பழகவில்லை. தூரத்தில் இருக்கிறவனுக்கு எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிட வேண்டும் என்றொரு வியாதி வரும். இந்த நவம்பரிலாவது பெயரைக் கொடுக்கச் சொல்லிக் கேட்டுவிட வேண்டும் என்று நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் மச்சாளின் அழைப்பு வந்தது. "தம்பி, அந்தப் படம் திருப்பி வந்திருக்காம். போனில விளம்பரம் போகுது. நீங்கள் போய் கடைசிமட்டும் இருந்து பாருங்கோ. எழும்பி வந்திடாதையுங்கோ. அவன் வாறானோ இல்லையோ எண்டு எனக்குச் சொல்லுங்கோ."

டோர்பியோன் சொன்ன முடிவு எனக்கு நினைவிருந்தது. சரி, இதுதான் நேரம் என்று நினைத்தேன். படத்தைப் பார்ப்பது, உள்ளதை உள்ளபடி சொல்வது, அந்தச் சூட்டோடு பூசைக் கதையையும் எடுப்பது. நோர்வேக்காரரைப் போல நேர்மையாக.

சனிக்கிழமை மதியக் காட்சிக்கு மகளோடு போனேன். வெளிச்சம் அணைந்து சிறிது நேரத்தில் அவள் என் முழங்கையில் இடித்தாள். "அப்பா, ஏன் பக்கத்தில இருந்து கதை சொல்லுறீங்கள்? எனக்கு விளங்குது." எனக்குத் தெரியாமலே சம்மாட்டிக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதன் பிறகு வாயை மூடிக்கொண்டேன். வாயை மூடினால் அது வேறு படமாக இருந்தது. சம்மாட்டி நல்லவன். மாஸ்ரர் துரோகி. கயிறு அறுந்தபோது யாரும் யாரையும் திட்டவில்லை. எல்லோரும் மெல்லிய குரலில் ஏதோ எண்களைச் சொன்னார்கள். அவன் மிதந்தான். தலைக்கவசத்துக்குள் அவன் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. கறுப்புத் திரையில் பெயர்கள் ஏறத் தொடங்கின. சனம் யாக்கெற்றுகளைப் போட்டுக்கொண்டு வெளியேறியது. நான் இருந்தேன். கடைசிப் பெயர் போய், வெளிச்சம் வந்து, ஒரு பெண் சோளப்பொரியைக் கூட்டிக்கொண்டு என் காலடிக்கு வரும்வரை இருந்தேன். கடைசிமட்டும் இருக்கச் சொன்னவரல்லவா மச்சாள். "தேர்னிங்காஸ்ட் நாலு" என்று தீர்ப்பு வழங்கிவிட்டு மகள் சிநேகிதிகளிடம் போனாள்.

வெளியே பேர்கனின் வழமையான மழை. பேருந்துத் தரிப்பிடத்தில் நின்று அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"பாத்திட்டீங்களோ தம்பி?"

"ஓம் மச்சாள்."

"வந்தவனோ?"

ஒத்திகை பார்த்த வசனமெல்லாம் நாக்கில் வரிசையாக நின்றது. நான் திறந்த வாயிலிருந்து வந்தது வேறு.

"வந்தவன் மச்சாள். வராமல்? நல்ல வடிவா எடுத்திருக்கிறாங்கள். மணலைத் தட்டிப்போட்டுப் போறான்..."

மச்சாள் சிரித்தார். பொய்யைப் பிடித்த சிரிப்பு. "பொய் சொல்லாதையுங்கோ. தமிழில மாத்தினது போனில வந்திட்டுது. நான் முந்தநாளே பாத்திட்டன்."

மழை தகரக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது.

"முடிவு எனக்கு முந்தியே தெரியும், தம்பி. அண்டைக்கு நாங்கள் பிந்திப் போனபடியால் ஜெனரேற்றருக்குப் பக்கத்தில புகைக்குள்ளதான் இடம் கிடைச்சுது. உங்கட அண்ணா வந்து எண்ணெய்க் குழாயைப் பூட்டினதை நான் கண்டனான். எண்ணெய் முடியேல்லை. அரைக் கலன் நிண்டுது. என்னைப் பாத்து வாயில விரல் வைச்சவர்."

"என்னத்துக்கு?"

"முதல் நாளே படத்தைக் கடையில போட்டுப் பாத்தவராம். கலியாணம் முடிச்ச பிறகு சொன்னவர். அண்டைக்கு முன்னால இருந்த சனத்தை யோசிச்சுப் பாருங்கோ. அரைவாசிப் பேர் ஆரையோ பாத்துக்கொண்டிருந்த சனம். அதுகளை அந்த முடிவோட எப்பிடி வீட்டை அனுப்பிறது?"

கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் மழைதான் கேட்டது. மழை என் பக்கத்தில் மட்டும்தான் என்று பிறகு விளங்கியது.

"அப்ப எல்லாம் தெரிஞ்சுகொண்டோ மச்சாள், இவ்வளவு காலமும்..."

"தெரியும். தெரிஞ்சாப்போல?"

"பிறகேன் என்னைப் பாக்கச் சொன்னனீங்கள்?"

"அவர் மாதிரி எனக்குப் பொய் சொல்ல ஒராளாவது மிச்சம் இருக்குதோ எண்டு பாத்தனான்." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "இருக்குது. சொல்லுங்கோ, விட்ட இடத்தில இருந்து. மணலைத் தட்டிப்போட்டு?"

பக்கத்தில் நின்றவர்கள் மெல்ல விலகினார்கள். தனியே நின்று அழுதுகொண்டு தமிழில் பேசுகிற ஆளுக்கு இந்த நாட்டில் தாராளமாக இடம் கொடுப்பார்கள்.

"மணலைத் தட்டிப்போட்டு நேரா வீட்டை போனான்."

"ம்."

"மனிசி கேட்டாள், இவ்வளவு நேரமும் எங்க நிண்டனீங்கள் எண்டு. வழியில சுணங்கிப்போச்சு எண்டான்."

"ம். அங்கால?"

அங்கால அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அத்தோடு ரோச் லைற்றை அணைத்துவிட்டார். நான் கூரைக்கு வெளியே பார்த்தேன்.

"அங்கால... கொட்டிலுக்குள்ள போனான். அங்க ஒரு சைக்கிள் நிண்டுது. விண்வெளி உடுப்பிண்ட பொக்கற்றுக்குள்ள கையை விட்டான்."

"இது உங்கட அண்ணா சொல்லேல்லையே."

"இது திருப்பி எடுத்த படமெல்லே, மச்சாள்."

"ம்... சொல்லுங்கோ."

"திறப்பை எடுத்தான்."

என்னுடைய பேருந்து வந்து நின்று கதவைத் திறந்தது. உள்ளேயிருந்து சூடான காற்று முகத்தில் அடித்தது. விண்வெளி மனிதன் அதன் முதுகில் நனைந்துகொண்டிருந்தான். ஓட்டுநர் என்னைப் பார்த்தார். ஒரு காலைத் தூக்கியவன் தூக்கியபடி நின்றேன்.

"உப்புக்காத்தில இவ்வளவு காலம் கிடந்த பூட்டு, தம்பி" என்றார் மச்சாள் மெதுவாக. "திறந்ததோ?"

ஓட்டுநருக்குப் போகும்படி கை காட்டினேன். கதவு மூடியது.

"ஓம் மச்சாள்" என்றேன். "திறந்திட்டுது."