வைகாசியில் பார்த்த ஓடைக்காடு

என் மனைவி காலமாகி எட்டு மாதங்கள் ஆகின்றன. முப்பத்தாறு ஆண்டு இல்வாழ்க்கையில் என் அலுவலகப் பணி தொடர்பாக அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதை எழுதிவைப்பது முறை என்று தோன்றுகிறது.

எழுபதுகளின் பிற்பகுதியில் ஜவ்வாது மலையில், புதூர்நாட்டுப் பக்கம், வனச்சரக அலுவலராக இருந்தேன். எங்கள் குடியிருப்பின் பின்புறம் ஓர் ஓடை. அதன் இரு கரையிலும் புதரும் கொடியும் மூங்கிலும் நெருங்கிய காடு. மரமென்று விற்க அதில் எதுவும் தேறாது. ஐப்பசியில் அங்கே ஆறுமணிக்குருவிகள் வந்து இறங்கும். பச்சை முதுகும் சிவந்த அடிவயிறும் குட்டை வாலும் கொண்ட பறவை. காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டிச் சீழ்க்கை அடிக்கும். மற்ற நேரமெல்லாம் தரையில் சருகைப் புரட்டிப் புழு தேடும். சித்திரையில் வடக்கே போய்விடும்.

அந்த வடக்கை நான் அறிவேன். இமயத்தின் அடிவாரத்தில் பயிற்சி பெற்ற நாளில், மழைக்காலத்துச் சால்மரக் காட்டில் இதே பறவை கூடு கட்டியிருக்கக் கண்டேன். அந்தக் காடுகளைக் காப்பதன் அவசியம் குறித்து நான் எழுதிய கட்டுரையை ஆசிரியர் வகுப்பில் படிக்கச் சொன்னார். குஞ்சு பொரிக்கும் இடத்தைக் காத்துவிட்டால் பறவையைக் காத்தாயிற்று என்பது அதன் சாரம்.

எங்கள் ஓடைக்காட்டை அழித்துத் தைலமரம் நடுவதென்று மேலிடத்தில் முடிவாயிற்று. வெட்டுமுன் சரக அலுவலர் நடந்து பார்த்து, அங்குள்ள உயிரினங்களைப் பதிவேட்டில் எழுதவேண்டும். கோடையில் பார்த்து, மழைக்குமுன் வெட்டுவது துறையின் வழக்கம். வைகாசியில் ஒரு நாள் குறித்தேன்.

அன்று காலை காபியை வைத்துவிட்டு என் மனைவி நின்றாள்.

"ஐப்பசி வரைக்கும் தள்ளிப் போட முடியாதாங்க?"

"அந்தக் குருவி கூடு கட்றது வடக்க. அந்தக் காடு பத்திரமா இருக்கு. இது அதுக்கு ஒரு சத்திரம் மாதிரி."

"வருஷத்துல பாதிக்கு மேல தங்குற எடத்துக்குப் பேரு சத்திரமா? நாம இந்தக் கோட்ரஸ்ல மூணு வருஷம் தாண்ட மாட்டோம். இத வூடுன்னு தானே சொல்றோம்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, மறுபடி கேட்கவும் இல்லை.

என்னுடன் வந்த வாட்சர் அந்த மலைக்காரர், சாமை விதைப்பவர், என்னைவிட மூத்தவர். புதருக்குள் நான் குனிந்து குனிந்து பார்ப்பதைக் கண்டு அவருக்குச் சிரிப்பு வந்தது.

"இன்னா சார், வைகாசியில வந்து ஆறுமணியானத் தேடறீங்க? அது ஊருக்குப் போயிருக்கும். நீங்க லீவுல போய்ட்டா, கோட்ரஸ்ல ஆளே இல்லன்னு நான் எழுதிக்கட்டுமா?"

"நீங்க எழுதுனாலும் எழுதுவீங்க," என்றேன். பிறகு, 'குறிப்பிடத்தக்க பறவை ஏதும் காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்த நாளில் அது உண்மையான வாக்கியம்.

ஆனி முடிவதற்குள் வெட்டி, எரித்து, குழி எடுத்துவிட்டார்கள். ஐப்பசியில் ஒரு மாலை என் மனைவி என்னைப் பின்வாசலுக்கு அழைத்தாள். கன்று நடாத ஒரு குழியில் காற்று கொண்டுவந்து சேர்த்த கொஞ்சம் சருகு கிடந்தது. அதனுள் நின்று ஒரு குருவி அந்தச் சருகையே திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தது.

"உங்க பதிவேட்ட அது படிச்சிருக்காது போல," என்றாள்.

அடுத்த ஆண்டு, அதே ஓடை சரிவில் இறங்கும் கீழோடைக் காட்டின் முறை. எங்கள் வீட்டுப் பின்புற மேலோடைக்கு நான் எழுதிய குறிப்பே அதற்கும் போதும் என்று உத்தரவில் கண்டிருந்தது. கார்த்திகை வரை பொறுத்து மீண்டும் பார்க்க அனுமதி கோரி வைகாசியிலேயே மலையிறங்கினேன். என் மேலதிகாரி பழைய பதிவேட்டைத் திருப்பி என் பக்கம் வைத்தார்.

"அதே மாதிரி காடு, அதே ரேஞ்சர். போன வருஷம் ஒண்ணும் இல்லேன்னீங்க. இப்ப எங்கேர்ந்து வந்துது?"

"பாத்த மாசம் தப்பு சார்."

"அத எழுத்துல தருவீங்களா? யோசிச்சுட்டு வாங்க. ஃபைல்ல ஏறினா, நீங்க ரிட்டயர் ஆகற வரைக்கும் அது கூடவே வரும்."

யோசித்தேன். பத்து நாள் யோசித்தேன். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்த நேரம் அது. வீட்டில் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பத்து நாளில் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் கீழோடையின் ஒரு கரையை முழுவதும் வெட்டி முடித்தார்கள். பதினோராம் நாள், என் முந்தைய குறிப்பு பிழையானது, பறவை இல்லாத பருவத்தில் பார்த்து எழுதப்பட்டது என்று எழுதிக் கொடுத்தேன். வெட்டு நின்றது. என் பதவி உயர்வும் சில ஆண்டு நின்றது, அது பெரிதல்ல.

அந்த ஆண்டு கார்த்திகையில் ஒரு விடியலில் அவளை அங்கே அழைத்துச் சென்றேன். எதிர்க்கரை வெறும் கட்டைகளாகக் கிடந்தது. எஞ்சிய கரையிலிருந்து சீழ்க்கை கேட்டது; சற்றுத் தள்ளி இன்னொன்று பதில் கொடுத்தது. பனிக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, நன்றாக வெயில் ஏறும்வரை அவள் நின்றாள். வெட்டிய கரையை ஒருமுறை பார்த்தாள். எப்போது வெட்டியது என்று கேட்கவில்லை. திரும்பும்போது சரிவில் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று அதற்குப் பொருள் கொண்டேன். சரிவு வழுக்கியதும் காரணமாக இருந்திருக்கலாம். கேட்டுத் தெளிய எத்தனையோ ஆண்டுகள் இருந்தன. நான் கேட்கவில்லை.